மூன்றே கால் பேருந்து

மகள் எழுதிய விடை சரியாக இருந்ததால் அப்பாதுரையைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

சிட்லபாக்கம் ஏரிக்கு அடுத்த தெருவில் இருக்கிறது அந்தப் பள்ளி. முன்பு அதற்கு ஒரு சாமியின் பெயர் இருந்தது. பிறகு ஒரே மூச்சில் யாராலும் சொல்ல முடியாத ஒரு பெயரை வைத்தார்கள். தெருக்காரர்கள் இன்னும் சாமி பெயரையே சொல்கிறார்கள். ஆபீஸ் அறையில் சாமி படம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, 'இங்கே விடைகள் கற்பிக்கப்படுவதில்லை' என்று எழுதி மாட்டியிருந்தது. அப்பாதுரை அதை இரண்டு முறை படித்தார். சிறுசேரியில் ஒரு மென்பொருள் வளாகத்தில் ஏசி பராமரிப்பு அவருடைய வேலை. அங்கேயும் சுவரெல்லாம் இப்படித்தான் எழுதி மாட்டியிருப்பார்கள் என்பதால் அவர் பயப்படவில்லை.

ஏழாம் வகுப்பு ஆசிரியை கிறிஸ்டினா மிஸ் விடைத்தாளை மேசையில் விரித்தார். கேள்வி இதுதான்: 'ஒரு பேருந்தில் 40 பேர் உட்காரலாம். 130 மாணவர்கள் குன்றத்தூருக்குச் சுற்றுலா செல்ல எத்தனை பேருந்துகள் தேவை?' அதற்குக் கீழே சினேகா ஒரே வரி எழுதியிருந்தாள்: '4 பேருந்துகள்.' பக்கத்தில் சிவப்பு மையில் ஐந்துக்குப் பூஜ்யம்.

"ஆன்சர் தப்பா மிஸ்?"

"சேச்சே, கரெக்ட்தான் சார். அதான் ப்ராப்ளமே."

"புரியல மிஸ்."

"எனக்கும் மொதல்ல புரியல சார். ரெண்டு நாள் ட்ரெய்னிங் குடுத்தாங்க. அதுக்கப்புறம் புரியாதது பழகிடுச்சு." கிறிஸ்டினா மிஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது ஹாட்ஸ் கொஸ்டின் சார். ஹையர் ஆர்டர் திங்க்கிங். அஞ்சு மார்க்கும் திங்க்கிங்குக்குத்தான், ஆன்சருக்கு மார்க்கே கிடையாது. பாப்பா டக்குனு நாலுன்னு எழுதிட்டா. டக்குனு வந்தா அது ஞாபகத்துலேருந்து வந்ததுன்னு அர்த்தமாம். ஞாபகம்னா லோயர் ஆர்டர்."

"அவ இந்தக் கணக்க இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே மிஸ்."

"அதையும் கேட்டேன் சார். பாக்காததையே ஞாபகம் வெச்சிருக்கறது இன்னும் மோசம்னு சொல்லிட்டாங்க."

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, ஜோஷ்வா என்ற மாணவனின் தாளை எடுத்துக் காட்டினார். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் ஒரு பேருந்தின் படம். ஓட்டுநர் மீசை வரை இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பேருந்து என்றால் என்ன என்பது பற்றிச் சில கேள்விகள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 'நாம் ஏன் குன்றத்தூருக்குப் போக வேண்டும்?' ஐந்துக்கு ஐந்து. ஓரத்தில் 'மெய்சிலிர்த்தது' என்று எழுதி யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவ இப்படிக் கரெக்டா எழுதினா லாட்ஸ் செக்‌ஷன்ல போட்டுருவாங்க சார்," என்றார் மிஸ். "அப்புறம் என் கையில இல்ல."

லாட்ஸ் என்பது லோயர் ஆர்டர். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்துகள் நிற்கும் இடத்தை ஒட்டித் தகரக் கொட்டகை. அவர்கள் அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டாம் வகுப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆண்டு முடிவில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போன வருடம் ரோஜாப்பூவும் சேர்த்துக் கொடுத்தார்களாம். ரோஜாவோடு வந்தவர்களைத் தாம்பரத்தில் வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பூவின் அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாதுரை டீனைப் பார்க்கப் போனார்.

பள்ளிக்கு டீன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஸ்ரீநிவாசன் அங்கே உயர்சிந்தனைக்கு டீன். அவர் அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்தால் அதிகாரம் வந்துவிடுமாம். வட்டத்தில் அவர் நாற்காலிக்கு மட்டும் சக்கரமும் கைப்பிடியும் இருந்தன.

"பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணு சார்," என்று ஆரம்பித்தார் அப்பாதுரை.

"அதுதான் மிஸ்டர் அப்பாதுரை எனக்கு வருத்தமே." டீன் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பதினெட்டு வருஷம் மேத்ஸ் டீச் பண்ணவன்தான். அப்பல்லாம் பசங்க ஆன்சர் சொல்லுவாங்க, நான் டிக் போடுவேன். அவ்ளோதான் கிளாஸ். என்ன கொடுமை பாருங்க! இப்ப ஆறு வருஷமா நான் ஒரு கணக்குகூடப் போட்டதில்ல. தொடறதே இல்ல. அதனாலதான் என்னால திங்க்கிங்கைப் பத்தி இவ்ளோ திங்க் பண்ண முடியுது."

"அப்ப இந்தக் கணக்குக்குச் சரியான விடை என்ன சார்?"

டீன் கைப்பேசியை எடுத்துத் தட்டினார். "மூணு பாயிண்ட் ரெண்டு அஞ்சு. பாருங்க, மெஷினே சொல்லிடுது. மெஷின் சொல்றதச் சொல்ல நம்ம குழந்தைங்க எதுக்கு?"

"அவ நாலுன்னுல்ல சார் சொன்னா? மெஷின் சொன்னதச் சொல்லலயே."

டீன் அவரை அன்போடு பார்த்தார். "நீங்க எந்த ஸ்கூல் சார்?"

"எம்.ஜி.ஆர். நகர்ல கார்ப்பரேஷன் ஸ்கூல் சார்."

"தெரியுது."

கடைசியில் ஒரு வழி சொன்னார். தேசிய அளவில் ஒரு சான்றிதழ் மன்றத்திலிருந்து இரண்டு பேர் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் இதே பேருந்துக் கணக்கைச் சினேகா கரும்பலகையில் செய்ய வேண்டும். சிந்தனை கண்ணுக்குத் தெரிந்தால் அவள் ஹாட்ஸிலேயே இருக்கலாம். தெரியாவிட்டால் கொட்டகை.

"கண்ணுக்கு எப்படி சார் தெரியும்?"

"அதுக்குப் ப்ராக்டிஸ் இருக்கு," என்றார் டீன்.

இருந்தது. தினமும் காலை பதினொரு மணிக்கு, மணி அடித்ததும், ஹாட்ஸ் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வலது கையைத் தாடையில் வைப்பார்கள். முகத்தை மின்விசிறி பக்கம் உயர்த்துவார்கள். மனத்துக்குள் நாற்பது எண்ணியபின் ஆளுக்கொரு தவறான தொடக்கத்தைச் சத்தமாகச் சொல்லி, அதை ரப்பரால் அழிப்பார்கள். மிஸ் தலையசைத்ததும் எல்லாரும் சேர்ந்து தன்னிச்சையாக, "ஆஹா!" என்பார்கள். ஏரியைச் சுற்றி நடக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு இது பழகிவிட்டது. அவர்களில் ஒருவர் "ஆஹா" கேட்டதும் ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்.

பெற்றோருக்கும் ஒரு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. வீட்டில் மூடிய கேள்விகள் கேட்கக் கூடாது என்றார்கள். 'சாப்பிட்டாயா?' என்பது மூடிய கேள்வி. 'சாப்பாட்டைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?' என்பது திறந்த கேள்வி. அப்பாதுரை வீட்டுக்கு வந்து அதைக் கேட்டார். "உப்பு கம்மி" என்றாள் சினேகா, டக்கென்று. அவர் வாசல் கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து சேலையூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் ஒத்திகை. அப்பாதுரை டீனாக உட்காருவார். சினேகா மின்விசிறியைப் பார்ப்பாள்.

"நாலுன்னு தெரிஞ்சுகிட்டே எப்படிப்பா தெரியாத மாதிரி இருக்கறது?"

"தெரியாத மாதிரி இல்லம்மா. தெரியப்போற மாதிரி."

"எப்ப தெரியப்போற மாதிரி?"

"நாப்பது எண்ணினதுக்கு அப்புறம்."

"ஜோஷ்வாவுக்கு நெஜமாவே டிவிஷன் தெரியாதுப்பா. அதான் பஸ் வரைஞ்சான். அவனே எங்கிட்ட சொன்னான்."

"அவன் திறமை அவனுக்கு. நீ கைய எறக்காத."

அடுக்களையிலிருந்து செல்வமேரி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பாப்பா ஏன் ஃபேனையே பாத்துட்டிருக்கா? சுத்தலையா?"

"சுத்துது. நீ உள்ள போ."

முதல் வாரம் சினேகாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். இருபது எண்ணும்போதே நாலு என்று வாய் நழுவிவிடும். இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாம் வாரம் அவள் முகத்தில் எதுவுமே இல்லை. டீன் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "இதுதான், இந்த வெறுமைதான், எனக்கு வேணும்" என்று கிறிஸ்டினா மிஸ்ஸிடம் சொன்னாராம். அப்பாதுரைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏசி ஓடுகிறது, காற்று வரவில்லை என்று புகார் வரும்போது ஏற்படுகிற ஒரு லேசான சந்தேகம் மட்டும் இருந்தது.

மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பேசுகிறவர், ஒருவர் தலையாட்டுகிறவர். பெற்றோரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்த பெஞ்சில் அப்பாதுரையின் முழங்கால் தாடையைத் தொட்டது; அதனால் அவரும் சிந்திப்பவர்போலவே இருந்தார்.

சினேகா கரும்பலகை அருகே போனாள். டீன் கேள்வியைப் படித்தார். அவள் கை தாடைக்குப் போனது. முப்பது எண்ணியிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையிலிருந்து ஒரு குரல், "நாலு!" என்றது.

தலையாட்டுகிறவர் தலையாட்டாமல் ஜன்னலைப் பார்த்தார். டீன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "லோயர் ஆர்டர்," என்று விளக்கினார். "அடக்க முடியாம வந்துடுது, பாவம்."

சினேகா அசையவே இல்லை. நாற்பது முடித்தாள். "ஐந்து…" என்று எழுதினாள். யோசித்தாள். அழித்தாள். "ஆஹா!" என்றாள். கொட்டகை சொல்லிவிட்ட நாலை விட்டுவிட்டு 3.25 என்று எழுதி, வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "இது என் விடை. இதற்குப் பல விடைகள் இருக்கலாம். நான் திறந்த மனதோடு இருக்கிறேன்," என்றாள்.

பேசுகிறவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாடு முழுக்கச் சுத்தறோம். எந்த ஸ்கூல் போனாலும் ஒரு குழந்தையாவது எழுந்து ஆன்சர் சொல்லி மூட்-அவுட் பண்ணிடும். இங்கதான் இவ்ளோ கிளாரிட்டியோட ஒரு குழந்தை ஒண்ணுமே சொல்லல. இதை நாங்க தினசரி வாழ்க்கையில பாக்கணுமே?"

டீன் அதற்கும் தயாராக இருந்தார். வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்பு மொத்தமும், நூற்று முப்பது பேரும், நிஜமாகவே குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போகிறார்கள். படிகளின் சரிவை வைத்துக் கோணம் கற்கப் போகிறார்கள். "பஸ் புக்கிங்கை பெரியவங்க யாரும் தொடப்போறதில்ல. சினேகாவோட திங்க்கிங்படியே அனுப்பப்போறோம்," என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அப்பாதுரையும் முழங்காலுக்கு நடுவே தட்டினார்.

பாராட்டுவதற்காக அவரை டீன் அறையில் உட்காரவைத்திருந்தபோது லோகு வந்தார். பள்ளிக்கு வண்டி விடுகிறவர். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, ஆர்டர் சீட்டைப் பார்த்தபடி நின்றார்.

"சார், மூணே கால் பஸ்ஸுன்னு போட்டுகீது."

"ஆமா லோகு."

"கால் பஸ்ஸுன்னா இன்னா சார்? டிரைவர் சீட்டு மட்டும் அனுப்பவா?"

"நீங்க இதை லோயர் ஆர்டர்ல பாக்கறீங்க லோகு."

"நான் எந்த ஆர்டர்லயும் பாக்கல சார். கால் பஸ்ஸு நம்மாண்ட இல்ல. நாலா அனுப்பிடவா?"

"நீங்க சொல்லக் கூடாது!" டீன் பதறி எழுந்தார். "பாப்பாவோட திங்க்கிங் அது. நீங்க நாலுன்னு ஆக்கினா அது உங்க ஆன்சர் ஆயிடும்." பிறகு உயர்சிந்தனைப் பிரிவை அவசரமாகக் கூட்டினார். மூன்று பேர் வந்து வட்டத்தில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். மின்விசிறி சுற்றியது. வெகுநேரம் கழித்து, கால் என்பது அரையைவிடக் குறைவு, குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று ஒருவர் நினைவுகூர்ந்தார். நினைவிலிருந்து வந்தது என்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று பேருந்துகள் என்று முடிவானது.

லோகு அப்பாதுரையைப் பார்த்தார். அப்பாதுரை மின்விசிறியைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேருந்துகள் வாசலில் வந்து நின்றன. ஹாட்ஸ் பிள்ளைகளை டீன் வரிசையாக நிறுத்தி, ஏறுவதற்கு முன் பேருந்தை ஒரு புதிராக அணுகி ஆளுக்கு மூன்று கேள்விகள் எழுப்பச் சொன்னார். எல்லாரும் தாடையில் கை வைத்தார்கள். அந்த நேரத்தில் லாட்ஸ் பிள்ளைகள் கொட்டகையிலிருந்து ஓடிவந்து முதல் பேருந்தில் ஏறிவிட்டார்கள். ஜன்னல் சீட்டுகள் அவர்களுக்கு. "ஏய், எட்டாவது கெடையாதாம்டா நமக்கு!" என்று ஒருவன் கத்த, "பரவால்லடா, பஸ் கெடச்சுச்சு!" என்று இன்னொருவன் பதில் கத்தினான்.

அதில் மீதியிருந்த இடமும் மற்ற இரண்டு பேருந்துகளும் கேள்வியைச் சீக்கிரம் முடித்தவர்களால் நிரம்பின. நன்றாகச் சிந்தித்த பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். நன்றாகச் சிந்தித்ததால் சினேகா கடைசியாக நின்றாள்.

டீன் மன்றத்துக்காரர்களோடு காரில் ஏறும் முன் அந்தப் பத்துப் பேர் பக்கம் வந்தார். "நீங்க மீதி இல்ல, கண்ணுங்களா. நீங்க ஒரு வாய்ப்பு. விட்டுப்போறதுன்னா எப்படி இருக்கும்னு புக்ல படிக்கலாம், நீங்க அனுபவிக்கறீங்க. எல்லாரும் ஒரு பக்கம் எழுதி வைங்க." பிறகு கார் பேருந்துகளுக்குப் பின்னால் போய்விட்டது.

மகளைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட அப்பாதுரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காவலுக்கு விடப்பட்ட கிறிஸ்டினா மிஸ்ஸும் நின்றார். லோகு டீக்கடைப் பக்கமிருந்து வந்தார்.

"மேடம், நாலாவது வண்டி ஏரியாண்டதான் நிக்குது. எனக்குத் தெரியும் இப்டி ஆவும்னு. டிரைவரு உள்ளயே தூங்கிகினு கீறான். ஒரு வார்த்த சொன்னா அஞ்சு நிமிசத்துல வந்துருவான். ஆனா ஆர்டர் இல்லாம எடுத்தா சாரு பேஜார் பண்ணுவாரு."

கிறிஸ்டினா மிஸ் டீனை அழைத்தார். அவர் காரிலிருந்தே வீடியோவில் வந்தார். இரண்டு பக்கமும் மன்றத்துக்காரர்களின் முகங்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன.

"பிரமாதம் கிறிஸ்டினா! தினசரி வாழ்க்கை! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்," என்றார் டீன், எதிர்பார்க்காத குரலில். "கண்டிப்பா இன்னொரு பஸ் அனுப்பலாம். ஆனா அது குழந்தைகிட்டருந்து வரணும். சினேகாகிட்ட குடுங்க. கமிட்டி சார் ரெண்டு பேரும் பாத்துட்டிருக்காங்க. சினேகா, இன்னும் எத்தனை பஸ் வேணும்மா?"

சினேகா கைப்பேசியைப் பார்த்தாள். தெருவின் கோடியில், ஏரிக்கரையில் நின்ற பேருந்தின் முன்பக்கம் தெரிந்தது. அதைப் பார்த்தாள். மற்ற ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டி, ஏறத் தயாராகவே நின்றாள்.

ஒண்ணுன்னு சொல்லும்மா என்று சொல்ல அப்பாதுரை வாயைத் திறந்தார். கைப்பேசியில் டீன், அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த சாலை, எங்கேயோ டி.சி.யோடு ஒரு ரோஜாப்பூ. வாயை மூடிக்கொண்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையைத் தாடையில் வைத்துக்கொண்டார்.

சினேகாவின் கையும் தாடைக்குப் போனது. மேலே மின்விசிறி இல்லை. மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானம் இருந்தது. அதைப் பார்த்தாள். அது மறைந்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்தாள். நாற்பது ஆனது.

"அரை…" என்றாள். யோசித்தாள். கையில் ரப்பர் இல்லை; காற்றில் விரலால் அழித்தாள்.

"ஆஹா!" என்றாள். மற்ற ஒன்பது பேரும் பழக்கத்தில், "ஆஹா!" என்றார்கள்.

"பாயிண்ட் ரெண்டு அஞ்சு பஸ் வேணும் சார். ஆனா இதற்குப் பல விடைகள் இருக்கலாம். நான் திறந்த மனதோடு இருக்கிறேன்."

கைப்பேசிக்குள் கைதட்டல் கேட்டது. "பிரஷர்லகூட ஆன்சருக்கு விழலை பாத்தீங்களா சார்!" என்று டீன் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது.

லோகு கைப்பேசியை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஒண்ணும் இல்ல. நீ தூங்கு."

பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். எழுதி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார் மிஸ். தண்ணீர் பாட்டில் பெண் எழுதவில்லை, அழுதாள். அதையும் சிந்தனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று மிஸ் அவளுக்கு மார்க் போட்டார். சினேகாவுக்கு ஹாட்ஸில் இடம் உறுதி என்று டீனிடமிருந்து மிஸ்ஸுக்குத் தகவல் வந்தது. இரண்டு பட்டாசுப் படங்களும் வந்தன. மிஸ் அதை அப்பாதுரையிடம் காட்டினார். அவர் நன்றி சொன்னார்.

பைக்கைக் கிளப்பினார். பின்னால் சினேகா ஏறிக்கொண்டாள். ஏரிக்கரையில் நின்ற பேருந்தைக் கடந்தார்கள். ஓட்டுநரின் கால் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தது.

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா வந்திருக்கும்லம்மா?"

"வந்திருக்கும்பா."

"ஏன் சொல்லல?"

"கமிட்டி பாத்துட்டிருந்தாங்கப்பா."

அவள் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். எப்படியும் லீவு போட்டாகிவிட்டது. நாமே இந்த வண்டியில் மலைக்குப் போனால் என்ன என்று அப்பாதுரைக்குத் தோன்றியது. மெயின் ரோட்டில் ஒரு பக்கம் திரும்பினால் வீடு, இன்னொரு பக்கம் திரும்பினால் குன்றத்தூர்.

"பாப்பா, வீட்டுக்குப் போலாமா, குன்றத்தூர் போலாமா?"

பதில் இல்லை. காற்றில் கேட்கவில்லையோ என்று கண்ணாடியில் பார்த்தார். அவள் வலது கை மெல்ல எழுந்து தாடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முகம் மேலே திரும்பியிருந்தது.

மெயின் ரோடு வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அவளுக்கு முதலில் ஒரு தவறான தொடக்கம் வேண்டும், பிறகு அதை அழிக்க வேண்டும். அப்பாதுரை வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.